புளி போட்டுத் தேய்த்த தகடு

எங்கள் வீட்டில் பசு நின்ற இடத்தில் ஒரு மார்கழி மாதம் மிஷின் வந்து நின்றது. பசுவையும் கன்றையும் விற்றுத்தான் என் வீட்டுக்காரர் அதை வாங்கினார். குருவிநத்தத்தில் அதற்கு முன் யாரும் மாட்டை விற்று இரும்பு வாங்கியதில்லை. "கறக்கிறத வித்துட்டுக் கடிக்கிறத வாங்கியாந்திருக்கான்" என்று கிணற்றடியில் ஒருத்தி சொன்னாள். இரும்பில் பல் வெட்டும் மிஷின் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். குடத்தைக் கீழே வைத்து, அவளுக்கு வேண்டிய பதிலைக் கொடுத்துவிட்டுத்தான் நான் தண்ணீர் இறைத்தேன். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இப்போது கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையின் பட்டறையில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவர். நூல் மிஷின்களில் பல்சக்கரம் தேய்ந்தால் புதிதாக வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. அதற்கென்று அங்கே ஒரு மில்லிங் மிஷின் இருந்தது. அவரைத் தவிர யாரையும் அதைத் தொட விடமாட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வார். அந்த வருஷம் சித்திரையில் அவர் வெட்டிய சக்கரம் ஒன்றில் ஒரு பல் மெலிந்தும் இன்னொரு பல் தடித்தும் போய்விட்டது. பிரெஞ்சுக்கார மேஸ்திரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உனக்குக் கண் போய்விட்டது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. "இந்த வயசுல கண்ணு போவுமா? அளவு குடுத்தவன் தப்பு, பழி எம்மேல" என்று அன்றைக்குத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. சோற்றைப் பிசையும்போதும் மில்லைத் திட்டுவார், பாய் விரிக்கும்போதும் திட்டுவார். நானும் அவரோடு சேர்ந்து திட்டினேன். அவர் கண்ணில் குறை இருக்கலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வேலை போனது கூட அவருக்குப் பெரிதில்லை, கண்ணைச் சொல்லிவிட்டார்களே என்பதுதான் அவரை அரித்தது.

மிஷின் கிடைத்தது புதுச்சேரியில் பழைய இரும்பு வாங்கி விற்கும் ஒருவரின் கொட்டகையில். அங்கே இரண்டு மிஷின்கள் கிடந்தனவாம். ஒன்று பெரியது, பார்வைக்கு லட்சணமாக இருந்தது. அதன் நெற்றியில் கொட்டை எழுத்தில் பெயர் இருந்தது. ஆனால் பல் வெட்டத் தேவையான ஒரு உறுப்பு அதில் இல்லை. வெட்ட வேண்டிய இரும்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே சரியாக ஒரு பங்கு சுற்றிக் கொடுக்கிற உறுப்பு அது. பங்குத்தலை என்று அவர் சொல்வார். இன்னொரு மிஷின் சின்னது. பெயர் இருந்த இடம் உடைந்து போயிருந்தது. எந்த நாட்டுச் சரக்கு என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு கறுத்துக் கெட்டியாகி, தார் பூசினாற்போல் இருந்திருக்கிறது. ஆனால் அதில் பங்குத்தலை இருந்தது. இவர் அதன் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். நாற்பது சுற்றுக்குத் தலை ஒரு சுற்று வந்தது. மேசை நகரும் தடத்தில் விரல் நகத்தை ஓட்டி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார். கடைசியாக, மிஷினின் விலாவில் பிசுக்கை நகத்தால் சுரண்டியபோது உள்ளே பித்தளைத் தகடு மினுக்கியது. அதில் பொடிப்பொடியாகக் கறுப்பு மையில் அச்சிட்ட எண்கள்.

அந்தத் தகட்டைப் பார்த்த பிறகுதான் பசுவை விற்கத் துணிந்தார். இத்தனை பல் வேண்டுமானால் கைப்பிடியை இத்தனை சுற்று, அதன்மேல் இத்தனை ஓட்டை திருப்ப வேண்டும் என்று அதில் வரிசையாகக் கணக்கு எழுதியிருக்கும். மில்லில் அவர் பதினாலு வருஷமும் அப்படி ஒரு தகட்டைப் பார்த்துத்தான் வெட்டினார். அந்தக் கணக்கைத் தானாகப் போட அவருக்குத் தெரியாது.

இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது பிற்பாடு. முன்னாலேயே சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மிஷின் ஒரு காலை வேளையில் மாட்டு வண்டியில் வந்தது. புதுச்சேரியும் எங்கள் ஊரும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலம் அது. வழியில் இங்கிலீஷ்காரர் எல்லை குறுக்கிடும் இடத்தில் சுங்கச்சாவடிக்காரர் சாக்கை விலக்கிப் பார்த்து, இது என்னவென்று கேட்டிருக்கிறார். இறக்குவதற்கு ஆள் சேர்க்க இவர் முன்னாலேயே வந்துவிட்டதால், வண்டிக்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் "இரும்பு" என்று எழுதிக்கொண்டு விட்டாராம். ஆறு பேர் பனந்துண்டுகளை உருட்டி அதை எங்கள் மாட்டுக் கொட்டகைக்குள் இறக்கினார்கள். பங்குத்தலையும், மிஷினை ஓட்டும் தோல்வாரும் இன்னும் புதுச்சேரிக் கடையிலேயே இருந்தன. அவற்றை எடுத்துவர அவர் அதே வண்டியில் திரும்பிப் போனார். மறுநாள் சாயங்காலம் வருவேன் என்று சொன்னார். மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போகிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. எல்லா வீட்டிலும் பரண்மேல் இருந்த பித்தளை அத்தனையும் கீழே இறங்கியிருந்தது. எங்கள் வீட்டில் நானும் அவரும்தான், அப்போது பிள்ளை இல்லை. அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாவற்றையும் நான் ஒருத்தியாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் அந்தக் கரிப்பூதம் நின்றதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆகவில்லை. எவன் வீட்டிலோ கிடந்த அழுக்கோடு, அதுவும் மார்கழியில், என் லட்சுமி நின்ற இடத்தில் இதை வைப்பதா என்று தோன்றியது. மண்ணெண்ணெயை ஊற்றி, தேங்காய் நாரால் பிசுக்கை உரித்தேன். இரும்பெல்லாம் நன்றாகத்தான் வந்தது. பித்தளைத் தகடு கண்ணில் பட்டதும் எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. பித்தளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புளியைக் கரைத்து, செங்கல் தூள் போட்டு, நாரை அழுத்தித் தேய்த்தேன். கறுப்புத் தண்ணீர் வழிந்தது. இன்னும் தேய்த்தேன். இன்னும் வழிந்தது. வரிசை வரிசையாக ஏதோ வரைந்திருந்ததைப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் அண்டாவின் கழுத்தில் கூடப் பூவேலை இருக்கிறது, அதையும் நான் தேய்த்துத்தான் எடுப்பேன். முடித்தபோது தகட்டில் என் முகம் தெரிந்தது. விபூதிப்பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் வந்தார். வாசலில் கால் கழுவாமல் நேரே கொட்டகைக்குள் போனார். நான் அவர் சந்தோஷப்படுவதைப் பார்க்கப் பின்னாலேயே போனேன். அவர் மிஷினைச் சுற்றி வந்து தகட்டின் முன்னால் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுல இருந்த கணக்கு எங்க?"

"இன்னா கணக்கு?"

"எண்ணு எண்ணா இருந்துச்சே. நான் பாத்தேன்."

அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கறுப்புத் தண்ணீர் என் கண்முன் வழிந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"ஒண்ணும் இல்லியே. வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சி. அழுக்கு மட்டுந்தான்."

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டையில் உண்மை வெளியே வந்திருக்கும். அவர் தன் வலது கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து உள்ளங்கையைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அப்படியே மாட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எனக்குத்தான் தப்பாத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பற்றி ஊரில் சொல்வார்கள். நான் மறைத்தேன், அவர் அந்தச் சோற்றைச் சாப்பிட்டார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் தள்ளத் தள்ள அது கனத்துக்கொண்டே போயிற்று. அவருக்கு அதன்பின் மில்லைத் திட்டுவதில் கூடச் சுரத்து குறைந்துவிட்டது.

தை பிறந்ததும் மிஷினை நிறுத்தும் வேலை தொடங்கியது. மாடு மிதித்த தரை இளகியிருந்ததால் இடுப்பளவு தோண்டி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புக் காரையும் போட்டு இடித்து, மேலே ஒரு கருங்கல் பலகையைப் பதித்தோம். மிஷினை அதன்மேல் ஏற்றி, மட்டம் பார்க்கத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைத்தார். தண்ணீர் நாலு பக்கமும் விளிம்போடு ஒரே அளவில் நிற்க வேண்டும். ஒரு மூலையில் இரும்புத் துண்டைச் செருகுவார், குனிந்து பார்ப்பார், எடுப்பார், இன்னொன்றைச் செருகுவார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"நீ பாரு. எங்கண்ணு வேணாம்."

அதற்கு முன் அவர் வேலையில் என்னை அப்படிக் கேட்டதே இல்லை. நான் குனிந்து பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்றேன். சரியாகத்தான் இருந்தது. முதலிலேயே சரியாக இருந்திருக்கும், அவர்தான் நம்பவில்லை. 

ஊரில் மின்சாரம் கிடையாது. உடைந்த வண்டிச் சக்கரம் ஒன்றை இரண்டு கம்பங்களுக்கு நடுவே மாட்டி, அதிலிருந்து தோல்வாரை மிஷினுக்குக் கொடுத்தார். சக்கரத்துக்கு ஒரு கைப்பிடி. நான் சுற்றினால் மிஷினில் கத்தி சுழலும். மிஷின் தயார். ஆனால் அவர் பல் வெட்டவில்லை. இரும்புத் துண்டுகளில் நேர்கோடாகப் பள்ளம் போட்டுப் பார்ப்பதோடு சரி. பங்குத்தலையைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சாக்கால் மூடிவைத்தார். பசு போயிற்று, மிஷின் நிற்கிறது, மனுஷன் அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பத்து நாள் இப்படிப் போனது.

பதினோராம் நாள் மடுகரையிலிருந்து என் அண்ணன் வந்தான். தோளில் ஒரு சாக்கு. அதை அவர் முன்னால் அவிழ்த்துக் கொட்டினான். பல் உடைந்த ஒரு சக்கரமும், புதிதாகக் கடைந்த பல் இல்லாத ஒரு இரும்பு வட்டமும் விழுந்தன.

"கரும்பாலை நின்னு போச்சி மாப்ள. அரைக் காணி கரும்ப வெட்டிப் போட்டுட்டேன். நேத்து சாயங்காலம் சக்கரத்துல நாலு பல்லு போயிடுச்சி. புதுச்சேரில கடைசல்காரன் வட்டத்த மட்டும் கடைஞ்சி குடுத்தான். பல்லு வெட்ட முடியாதாம். ஆத்துக்கு அந்தாண்ட கடலூர்ல சொன்னா சாவடியத் தாண்டி வர பதினஞ்சி நாளாவும். கரும்பு நாலஞ்சி நாளைக்கு மேல தாங்காது. புளிச்சிடும், வெல்லம் கட்டாது. நீதான் வெட்டித் தரணும்."

அவர் உடைந்த சக்கரத்தைக் கையில் எடுக்கவே இல்லை.

"என்னால ஆவாது மச்சான்."

"மிஷின் கெடக்குதே?"

"மிஷின்ல கணக்குத் தகடு இல்ல. இருக்குன்னு பாத்து வாங்கினேன், இல்ல. எங்கண்ணு சரியில்ல மச்சான். மில்லுல சொன்னது நெசந்தான்."

 அவர் அதை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்பது மாசமாக ஊர் முழுக்கச் சண்டை போட்டு நான் காப்பாற்றி வைத்திருந்ததை, என் பொய் ஒன்று ஒரே மாசத்தில் தின்றுவிட்டது. மோர்ச்செம்போடு வாசற்படியில் நின்றிருந்தேன். செம்பைக் கீழே வைத்தேன்.

"தகட்டுல எண்ணு இருந்துச்சி. நான்தான் தேச்சிட்டேன்" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

"புளியும் செங்கத் தூளும் போட்டுத் தேச்சேன். கறுப்பா வழிஞ்சிது. அழுக்குன்னு நெனச்சேன். மூணு பத்தி இருந்துச்சி, நடுவுல கோடு போட்டு. உங்க கண்ணு பாத்தது நெசம்."

அண்ணனுக்குத்தான் முதலில் குரல் வந்தது. "வூட்டுல இருக்கிற பாத்திரம் பத்தலயா உனக்கு? மிஷினக் கூடவா தேய்ப்பாங்க?" என்று கத்தினான். அவர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"வாய்ல வந்துடுச்சி. அப்பறம் மாத்த முடியல."

"நான் ராவும் பகலும் கையப் பாத்துகினு உக்காந்திருந்தேன். நீ பாத்துகினுதான் இருந்த."

 அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் எழுந்து கொட்டகைக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து, "மச்சான், அந்த வட்டத்த எடுத்துகினு வா" என்று குரல் வந்தது.

உடைந்த சக்கரத்தில் மொட்டையானவற்றையும் சேர்த்துப் பதினேழு பற்கள். கைப்பிடி நாற்பது சுற்றினால் தலை ஒரு சுற்று. அப்படியானால் ஒரு பல்லுக்கு எவ்வளவு சுற்ற வேண்டும்? மில்லில் இதைத் தகடு சொல்லும். இங்கே தகட்டில் எங்கள் மூன்று பேர் முகம்தான் தெரிந்தது. அவர் தரையில் குச்சியால் நாற்பது என்று எழுதிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். எனக்கும் கணக்குத் தெரியாது. ஆனால் பங்கு போடத் தெரியும். அடுக்களைக்குப் போய் நாற்பது புளியங்கொட்டையை எண்ணி எடுத்துவந்து, தரையில் பதினேழு இடமாகப் போட்டேன். இடத்துக்கு இரண்டு விழுந்தது. ஆறு மிஞ்சியது.

"ரெண்டு சுத்து. மீதி ஆறு இருக்கு. ஆறப் பதினேழு பேருக்கு எப்படிக் குடுக்கிறது?" என்றேன்.

"கொட்டைய நறுக்கவா முடியும்?" என்றான் அண்ணன்.

"மாம்பழமா இருந்தா நறுக்குவேன். ஒரு பழத்தப் பதினேழு கீத்தா நறுக்கி ஆளுக்கு ஒண்ணு. ஆறு பழத்துக்கு ஆளுக்கு ஆறு கீத்து."

அவர் சட்டென்று பங்குத்தலையின் பக்கம் திரும்பினார். அதில் கைப்பிடிக்குப் பின்னால் வட்டமான ஒரு தட்டு இருக்கும், அதில் வளையம் வளையமாக ஓட்டைகள். கைப்பிடியின் முள் அந்த ஓட்டையில் விழுந்துதான் நிற்கும். அது என் கையில் சிக்கியிருந்தாலும் ஓட்டையைத் தேய்த்து அழித்திருக்க முடியாதே. ஒவ்வொரு வளையமாக என்னை எண்ணச் சொன்னார். மூன்றாவது வளையத்தில் பதினேழு ஓட்டை இருந்தது.

"ஒரு சுத்துக்குப் பதினேழு கீத்து. ரெண்டு சுத்து, ஆறு ஓட்டை" என்றார். அவர் முகத்தில் எனக்கான மன்னிப்பு எதுவும் இல்லை. வேலை வந்திருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் தொடங்கினோம். பழைய சக்கரத்தின் நல்ல பல் ஒன்றுக்குத் தக்கபடி தகரத்தில் ஒரு அச்சு வெட்டிக்கொண்டார். பல்லுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்குத் தக்கபடி எஃகுக் கத்தி ஒன்றையும் சாணை பிடித்துக்கொண்டார். இரும்பு வட்டம் ஒன்றுதான் இருந்தது. முதலில் எல்லாப் பல்லுக்கும் லேசாகக் கீறிப் பார்த்துவிட்டு ஆழமாக வெட்டலாமே என்று கேட்டேன். மிஷின் தேய்ந்தது, இரண்டாம் சுற்றில் அதே இடத்தில் வந்து நிற்காது என்றார். ஒரே சுற்றில் முடிக்க வேண்டும். பங்குத்தலையின் கைப்பிடியைப் பின்னால் திருப்பவும் கூடாது, திருப்பினால் இடம் மாறிவிடும். ஒரு ஓட்டை தப்பினாலும் சக்கரம் குப்பைக்கு. தொடங்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு அடையாளம் வைக்கச் சொன்னார். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தேன்.

நானும் அண்ணனும் மாறி மாறி வண்டிச் சக்கரத்தைச் சுற்றினோம். கத்தி இரும்பைக் கடிக்கும்போது கைப்பிடி தோளைப் பிடுங்கும். ஒரு பள்ளத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மேசை போய்வர வேண்டும். பள்ளம் ஆழமானதும் நிறுத்துவார், முள்ளை இழுப்பார், இரண்டு சுற்று, பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓட்டைகளை வாய்விட்டு எண்ணுவார். அவர் என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. மத்தியானத்துக்குள் நாலு பள்ளம், இருட்டுவதற்குள் எட்டு. அண்ணன் இரண்டு முறை வாசலில் போய் நின்று வெயிலைப் பார்த்துவிட்டு வந்தான். அவன் கரும்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை பத்தாவது பள்ளம் முடிந்தது. அவர் முள்ளை இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு." முள் உள்ளே விழுந்தது. நான் வண்டிச் சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்தேன். சுற்ற முடியவில்லை. என் கண்ணுக்கு முள் ஐந்து ஓட்டைதான் தாண்டியிருந்தது. நாலையும் ஐந்தையும் சொன்னபோது அவர் கை ஒரே இடத்தில் நின்றதுபோல் இருந்தது.

சொல்வதா? ஒருமுறை பொய் சொல்லி அவர் கண்ணைக் கெடுத்தவள் நான். இரண்டு நாளாகத்தான் அதை அவர் நம்பத் தொடங்கியிருந்தார். நான் சொல்லி, அவர் எண்ணியதுதான் சரியென்று ஆகிவிட்டால், இனி ஜென்மத்துக்கும் என் வாயை நம்பமாட்டார். சொல்லாமல் விட்டு, நான் பார்த்தது சரியென்று ஆகிவிட்டால் சக்கரம் போச்சு, அண்ணன் கரும்பு போச்சு. 

"சுத்து" என்றார்.

"எனக்கு அஞ்சுன்னு தோணுது."

 அவர் திரும்பவில்லை.

"தோணுதா, பாத்தியா?"

"நிச்சயமாச் சொல்ல முடியல. ஓட்டையப் பாத்தேனா, உங்க கையப் பாத்தேனான்னு எனக்கே தெரியல. ஆனா அஞ்சுன்னு தோணுது. இத மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன்."

 அவர் தனக்குத்தானே பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னார். முழுச் சுற்று எத்தனை சுற்றினாலும் முள் புறப்பட்ட ஓட்டைக்கே வரும், அதை விட்டுவிடலாம். பத்துத் தடவை ஆறு ஓட்டை, அறுபது. பதினேழு பதினேழாக மூன்று சுற்று ஐம்பத்தொன்று. மீதி ஒன்பது. சுண்ணாம்புப் பொட்டிலிருந்து ஒன்பதாவது ஓட்டையில் முள் நிற்க வேண்டும். முந்தாநாள் வரை கணக்குத் தெரியாத மனுஷன் அதை அப்படி நிதானமாகப் போட்டதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. குனிந்து, கண்ணைச் சுருக்கி எண்ணினார்.

"ஒம்போது" என்றார்.

நான் எண்ணினேன். எனக்கு எட்டு வந்தது. "எட்டு" என்றேன்.

அண்ணனைக் கேட்கலாமே என்று தோன்றும். அவர் கேட்கவில்லை. மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஈர்க்கு ஒடிச்சிக் குடு" என்றார். நான் ஒடித்துக் கொடுக்கக் கொடுக்க, பொட்டுக்கு அடுத்த ஓட்டையிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரு ஈர்க்கைச் செருகிக்கொண்டு வந்தார். கண்ணால் பார்த்துச் செருகவில்லை, விரல் நுனியால் ஓட்டையைத் தடவித் தடவிச் செருகினார். முள் நின்ற ஓட்டை வந்ததும் நிறுத்தினார். நின்ற ஈர்க்குகளை எண்ணினார். ஏழு. முள்ளோடு சேர்த்து எட்டு.

 அவர் ஈர்க்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். முள்ளை இழுத்து, இன்னும் ஒரே ஒரு ஓட்டை முன்னால் தள்ளி விட்டார்.

"இப்ப சுத்து" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் முன்கூட்டியே ஆறாவது ஓட்டைக்கு நேரே ஒரு ஈர்க்கைச் செருகி வைப்பேன். அவர் எண்ணிக்கொண்டு வருவார், நானும் சேர்ந்து எண்ணுவேன், இருவர் எண்ணிக்கையும் ஈர்க்கில் வந்து முடிந்தால்தான் அதைப் பிடுங்கிவிட்டு முள்ளை விடுவார். சாயங்காலம் பதினேழாவது பள்ளம் இறங்கியது. அதற்கும் முதல் பள்ளத்துக்கும் நடுவே ஒரு பல் நின்றது. அவர் தகர அச்சை அதன்மேல் வைத்தார். மில்லில் மேஸ்திரி பிடித்துப் பார்த்ததும் இப்படி ஒரு பல்லைத்தான். அச்சு சிக்காமல், ஆடாமல் உட்கார்ந்தது. அண்ணன் சக்கரத்தை வேட்டியில் பொதிந்துகொண்டு, சாப்பிடக் கூட நிற்காமல் மடுகரைக்கு நடந்தான்.

மறுநாள் மத்தியானம் ஒரு பானை கரும்புச்சாறு வந்தது. ஆலை ஓடுகிறது என்று அண்ணன் சொல்லியனுப்பியிருந்தான். நான் செம்பில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மிஷினின் அருகே நின்று, பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார்.

"அன்னைக்கி மில்லுலயும் இப்படித்தான் ஒரு ஓட்டைய விட்டிருப்பேன்" என்றார். அந்த வெறும் தகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க என் கூட எண்ண ஆளு இல்ல."

ஒன்பது மாசமாக மில்லைத் திட்டிக்கொண்டிருந்த மனுஷன் அன்றைக்கு நிறுத்தியவர்தான். அதன்பிறகு திட்டவில்லை.